புதுநன்மைக்கு முன் ஒரு டம்ளர் வெந்நீர்

என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இன்று காலையில் தண்ணீர் குடிப்பதைப் பற்றி யாராவது புத்தி சொன்னார்கள்? எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும் என்றாள் மருமகள். சூடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம், குழாயில் வருகிறபடியே குடித்தால் போதும் என்றான் மகன். ஐஸ் தண்ணீர் குடித்தால் குடல் சுருங்கிவிடும் என்று முகம் தெரியாத ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். மூன்றையும் கேட்டுக்கொண்டு நான் காப்பி குடித்தேன்.

தண்ணீரின் சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சண்டை நடந்த வீட்டிலேயே வளர்ந்தவள் நான். அதில் அடிபட்டவளும் நான்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், செஞ்சியில், மே மாதத்தில் நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

செஞ்சி வெயில் இரண்டு தவணையில் வரும். ஒன்று பகலில் நேராக மேலேயிருந்து. இன்னொன்று, ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் கோட்டை மலைகள் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்தபின் திருப்பி விடுவது. சாயங்காலம் துவைத்துப் போட்ட பாவாடை விளக்கேற்றுவதற்குள் காய்ந்து மொறமொறவென்று நிற்கும். சுவரில் முதுகைச் சாய்த்தால் சுடும். கிணற்றுக் கயிறு கையைச் சுடும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில் என் நைனா, என்னைப் பெற்ற அப்பா, வெந்நீர் குடித்தார். அவர் மட்டும் குடித்திருந்தால் பரவாயில்லை, எங்களையும் குடிக்க வைத்தார்.

நைனா யுத்தத்துக்குப் போய்விட்டு அந்த வருஷம் ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பண்டிகை முடிந்த வாரம் திரும்பி வந்தவர். துப்பாக்கி பிடிக்கவில்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிற, மருந்து புகட்டுகிற வேலை. அங்கே இருந்த பெரிய டாக்டர், குண்டைவிடப் பச்சைத் தண்ணீர்தான் சிப்பாய்க்குப் பெரிய எதிரி என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. நைனா ‘கொதிக்க வைத்து’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். ‘ஆறவைத்து’ என்பது அங்கேயே தங்கிவிட்டது. இதை நான் கண்டுபிடிக்க நாற்பது வருஷம் ஆயிற்று.

அவர் கொண்டுவந்த சாமான்களில் கம்பளித் துணி போர்த்திய ஒரு தண்ணீர்க் குப்பி இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்வது. அந்தத் துணியை நனைத்துவிட்டால் காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் குளிரும், அதற்காகத்தான் போர்த்தியிருக்கிறார்கள். நைனா துணியை நனைக்கவே மாட்டார். உள்ளே கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். கம்பளி சூட்டைக் காப்பாற்றிக் கொடுக்கும். பட்டப்பகலில் புளியமரத்தடியில் நின்று அதைத் திறந்து குடிப்பார். பார்க்கிறவர்களுக்கு வியர்க்கும்.

சூட்டை அளக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள். சுண்டுவிரலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். மந்திரம் முடியும்வரை விரல் தாங்கினால் அது ஆறிப்போன தண்ணீர், திரும்ப அடுப்புக்குப் போகும். பாதியிலேயே விரலை உதறி எடுக்க வேண்டியிருந்தால் அதுதான் பதம். விடியற்காலையில் எழுந்து தானே அடுப்பு மூட்டி, பதம் பார்த்து, முதல் டம்ளரை அவர் குடிப்பார். அடுத்த டம்ளரோடு என் பாய்க்கு வருவார். இடது கையால் தலையைத் தூக்கி வலது கையால் டம்ளரை உதட்டில் வைப்பார். ஆஸ்பத்திரியில் பழகிய கை, ஒரு சொட்டுச் சிந்தாது. எனக்கு முழு விழிப்பு வருவதற்குள் டம்ளர் காலியாகியிருக்கும்.

எதிர்க்கட்சி அத்தை. நைனாவுக்கு அக்கா, புருஷன் போனபின் எங்களோடு இருந்தவள். அனந்தபுரம் சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய புதுப் பானை ஒன்றை ஈர மணல் மேல் வைத்திருப்பாள். தண்ணீர் தெளியத் தேத்தாங்கொட்டையை அதன் அடியில் உரைத்திருப்பாள், உள்ளே வெட்டிவேர் போட்டிருப்பாள். பானையைத் தொட அவளைத் தவிர ஒருவருக்கும் உரிமை கிடையாது. அந்தத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் காது வரைக்கும் குளிரும். நான் அதைக் குடிக்கக் கூடாது, நான் நைனா கட்சி. தம்பிக்கு ஆறு வயது, அவனை அத்தை எடுத்துக்கொண்டாள். எங்களை யாரும் கேட்கவில்லை.

“மேல்சித்தாமூர் நயினாருங்களப் பாருக்கா. ஜைன மடத்துல காச்சின தண்ணிதான் குடிக்கறாங்க. ஒருத்தருக்கு வவுத்து வலி உண்டா?” என்பார் நைனா.

“அவங்க தண்ணில கெடக்கற பூச்சிக்கே பாவம் பாக்கறவங்கடா. நீ பெத்த பொண்ணுக்கே பாவம் பாக்க மாட்ற” என்பாள் அத்தை.

அம்மா எந்தக் கட்சியும் இல்லை. அவள் விறகுக் கட்சி. “ஒருத்தர் சூடுங்கறீங்க, ஒருத்தர் சில்லுங்கறீங்க. வெறகு யாரு கொணாந்து போடறது?” என்று கேட்பாள். உடனே இரண்டு கட்சியும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போய்விடும்.

எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்தது. நைனா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உள்ளே இருக்கிற கெட்ட சூடு வெளியே வருகிறதாம். ஒரு நாள் மத்தியானம் மூக்கில் ரத்தம் வந்தது. அதுவும் கெட்டதுதான் வெளியே போகிறது என்றார். இப்படியே போனால் என்னிடம் நல்லதும் மிச்சமிருக்காது என்று அத்தை கத்தினாள். கடைசியில் யார் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று பார்த்துவிடுவதாக இரண்டு பேரும் எங்களைப் புளிமண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. ஒரு தட்டில் நானும் மறு தட்டில் எடைக்கல்லுமாக நிறுத்தார்கள். பிறகு தம்பியை நிறுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூட்டிப்போய் நிறுத்துப் பார்த்தால், இரண்டு பேரும் அரை வீசை குறைந்திருந்தோம்.

“ஊளச்சத கொறஞ்சிருக்குது, பாத்தியா?” என்றார் நைனா.

“உன் பொண்ணு எளச்சிட்டா. எம் பையன் ஓடியாடறதால கொறஞ்சிருக்கான்” என்றாள் அத்தை.

“வெயிலுக்குப் புளியே எட கொறையுதும்மா” என்றார் மண்டிக்காரர். அவர் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உடம்பெல்லாம் புளி வாசனையோடு வீடு திரும்பினோம்.

ஊரில் நைனாவுக்குச் சீடர்கள் சேர்ந்தார்கள். முதல் ஆள் தையல்காரர். அவருக்குப் பல வருஷமாக வயிற்றில் வாயுத் தொல்லை. நைனா சொன்னபடி காலையில் வெந்நீர் குடித்துவிட்டு எட்டாம் நாள் வந்து, “இன்னிக்குத்தான்யா மனுசனா ஆனேன்” என்று வாசலிலேயே கண் கலங்கினார். அதைக் கேட்ட வண்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் எங்கள் கோயில்காரர்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் புதுநன்மை, அதாவது பூசையில் சாமியார் கையால் முதன்முதலாக அப்பம், வாங்க வேண்டியவள். முந்தின வருஷமே வாங்கியிருக்க வேண்டும். மணல்வாரி அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். என் வயதுக்காரிகள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு வருஷம் தள்ளி, தலை உயரம் குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தேன்.

நன்மை வாங்குகிறவர்கள் அதற்கு முந்தின நடுராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். இப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு உபயோகப்படாத நேரத்தில் மாற்றினார்கள். மறந்து குடித்துவிட்டாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. குடித்தது தெரிந்தே வாங்கினால் சாவான பாவம், நேராக நரகம். எங்களுக்கு ஞானோபதேசம் நடத்திய உபதேசியார் இதைப் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொன்னார். எங்களுக்கு வந்த சந்தேகங்களுக்கு அளவே இல்லை.

“ஐயா, எச்சி முளுங்கலாமா?”

“முளுங்கலாம். அடுத்தவன் எச்சிய முளுங்காத.”

“பல்லு தேய்க்கறப்ப தண்ணி உள்ள போய்ட்டா?”

“அன்னிக்கு ஒரு நாளு தேய்க்காத. சர்வேசுரன் உம் பல்லப் பாக்க வரல்ல.”

“மழ பேஞ்சி வாயில பட்டா?”

“மே மாசத்துல செஞ்சில மழ பேஞ்சா, கூப்புடு, நானும் வாயத் தொறந்துனு நிக்கறேன்” என்றார் உபதேசியார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரியவர்களே வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நன்மை வாங்கினால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் நைனா வெந்நீர் கொடுப்பார், குடித்துவிட்டுச் சும்மா பூசை கண்டுவிட்டு வருவோம். யாருக்கும் ஒரு பாவமும் இல்லை. அதனால்தான் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

நைனா கொண்டுவந்த பாராசூட் பட்டில் தையல்காரர் எனக்குக் கவுன் தைத்தார். செஞ்சியிலேயே அப்படியொரு வெள்ளையை யாரும் பார்த்ததில்லை. அந்தத் துணி காற்றை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. ஆகாயத்தில் ஆளைத் தாங்குவதற்கு அதுதான் வேண்டும், எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அதைப் போட்டுப் பார்த்த அன்று கண்ணாடி முன்னால் கூப்பிய கையோடு அரைமணி நேரம் நின்றேன். அடுத்த வருஷத்துக்கு அது பத்தாது என்று தையல்காரர் சொல்லிவிட்டார். மடித்துத் தைக்கத் துணி மிச்சமில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன். அம்மாவின் அண்ணன் வீட்டார் அனந்தபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நைனா ஒவ்வொருவரிடமும் போய், “பொண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணி தரக்கூடாது, நானும் அதுகூட நன்ம வாங்கறேன், எனக்கும் தரக்கூடாது” என்று உத்தரவு போட்டார். மாமாவிடம் சொன்னார், மாமியிடம் சொன்னார், வண்டி மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவனிடமும் சொன்னார். அத்தை தன் பானையைத் துணி போட்டு மூடி, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்தாள்.

விடியற்காலையில், நன்றாக நினைவிருக்கிறது, தொண்டையில் சூடு இறங்கியது. கடைசி வாய் இறங்கியபோதுதான் கண்ணைத் திறந்தேன். நைனாவின் இடது கை என் தலைக்கடியில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“புதுநன்மக்காரி எளுந்துட்டாளா?” என்று கேட்டார். கேட்ட வாய் மூடவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“முளுங்கிட்டியா?”

“முளுங்கிட்டன் நைனா.”

“எவ்ளோ?”

“முச்சூடும்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நானும் குடிச்சிட்டன்டி” என்றார்.

அத்தை வந்தாள். “இன்னாடா, ரெண்டு பேரும் எழவு வூட்டுல குந்தனாப்பல குந்தினுகீறீங்க?” என்று கேட்டவள் டம்ளரைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து புகை வருவதைப் பார்த்தாள். ஐந்து வாரச் சண்டையில் ஜெயித்துவிட்டாள். ஆடப்போகிறாள், ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

“ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடாத. கொளந்த தூக்கத்துல குடிச்சிது. தூக்கத்துல குடிச்சதெல்லாம் சேராது.”

“அப்ப நான் குடிச்சது?” என்றார் நைனா.

“உனுக்கு எப்பவுமே தூக்கந்தான்டா” என்றாள் அத்தை.

நன்மை வாங்கினால் நரகம். வாங்காவிட்டால், மற்றப் பிள்ளைகள் எழுந்து போகும்போது நான் மட்டும் அந்த வெள்ளைக் கவுனோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாமியாரே நன்மை கொடுக்காமல் நிறுத்திவிட்டார் என்றால் அந்தப் பெண் ஏதோ பெரிய பாவம் செய்திருக்கிறது என்று அர்த்தம். பெண் பிள்ளைக்கு அந்தப் பேர் வந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும், அது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். நரகத்தில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். வெந்நீர்கூட இருக்காதா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கோயில் வாசல் வரைக்கும் நடந்தேன். அம்மாவுக்கு விஷயம் தெரியாது, மாமா வீட்டாருக்கும் தெரியாது. உள்ளே காலெடுத்து வைக்கும்போது நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“நைனா, நான் நரகத்துக்குப் போவ மாட்டன்.”

நைனா அக்காவைப் பார்த்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என் கையைப் பிடித்து, சாமியார் பூசைக்கு உடை மாட்டும் அறைக்குக் கூட்டிப்போனார்.

சாமியார் பிரெஞ்சுக்காரர். தாடி வெளுக்கும்வரை எங்கள் பக்கத்திலேயே இருந்தவர். ஜெபப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி தமிழ் பேசுவார். நைனா பட்டாளத்தில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

“தோத்திரம் சாமி. தப்பு நடந்துபோச்சி. விடிகாத்தால தண்ணி குடிச்சிட்டோம். அதுவும் நானும்.”

“எவ்வளவு?”

“ஆளுக்கு ஒரு டம்ளரு சாமி. சுடுதண்ணி. மருந்து மாரி.”

சாமியார் மாட்டிக்கொண்டிருந்த உடையை அப்படியே நிறுத்தினார். “வெந்நீரா? இந்த வெயிலிலா?” என்றார்.

“ஒடம்புக்கு நல்லது சாமி.”

சாமியார் கண்ணை மூடித் திறந்தார். “மகனே, பிள்ளையின்மேல் பாவம் இல்லை. உன்மேலும் பாவம் இல்லை, புத்திதான் இல்லை. ஆயினும் இன்று உங்களுக்கு நன்மை தரக் கூடாது. நாளைக் காலைப் பூசைக்கு வாருங்கள், தருகிறேன்.”

“ஊரு ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசும் சாமி. பொண்ணு கொளந்த.”

“அதற்கு என்னிடம் மந்திரம் இல்லை” என்றார் சாமியார். மணி அடித்துவிட்டது.

முன்வரிசையில் நாங்கள் பன்னிரண்டு பேர். நேரம் வந்ததும் பதினொரு பேர் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து போனார்கள். நான் முட்டிபோட்டபடியே இருந்தேன். விஷயம் தெரியாத அம்மா பின்னாலிருந்து முதுகில் கிள்ளி, “போடி, போ” என்றாள். வேர்க்குருவின் மேல் கிள்ளியதால் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எல்லோருக்கும் செய்த பாவத்துக்கு அழுகிற பச்சாதாபக் கண்ணீராகத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

“இன்னாடி, அந்தப் பொண்ணு எளுந்துக்கல?”

“சாமியாரு வாணாம்னுட்டாராம். நைனாவும் பொண்ணும் காலைல போயி கெஞ்சனாங்களாம்.”

“அப்டி இன்னா செஞ்சிதோ.”

பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் திரும்பும்போது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். பாராசூட் துணிக்குள் வியர்வை முழங்கால் வரை ஓடியது. மூச்சை அடக்கினால் செத்துப்போகலாமா என்று முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை.

பூசை முடிந்தது. சாமியார் ஜனங்களை ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பினார். அப்போது ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். என் நைனா. கோயிலுக்குள் சாமியாரையும் உபதேசியாரையும் தவிர ஒருவரும் வாயைத் திறந்து பேசியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

“பெரியவங்களே, ஒரு வார்த்த” என்றார். பட்டாளத்துக் குரல், கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. “எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. தூங்கினிருந்த கொளந்த வாயில விடிகாத்தால சுடுதண்ணி ஊத்தனவன் நான். நானும் குடிச்சேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன், இன்னிக்கி இன்னா நாளுன்னு மறந்துட்டேன். எதனா பேசணும்னா என்னப் பேசுங்க. அதப் பேசாதீங்க.”

உடனே தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, “அய்யய்யோ!” என்று அலறினார். “நானும் குடிச்சிட்டுத்தானய்யா வந்தேன்! நன்மயும் வாங்கிட்டேனே!”

“அடப்பாவி மனுசா!” என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் பெண்சாதி.

வண்டிக்காரர் ஓசைப்படாமல் பக்கத்து வாசலை நோக்கி நகர்ந்தார். “எங்க நைனாவுந்தான் குடிச்சிது!” என்று அவர் மகன், புதுநன்மை வாங்கி அரைமணி நேரம்கூட ஆகாத பரிசுத்த வாயால் கத்தினான். அவ்வளவுதான், கோயில் முழுக்கச் சிரிப்பு. உபதேசியார் கைமணியை எடுத்து விடாமல் ஆட்டினார். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. மறந்து செய்தது பாவமில்லை, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தையல்காரருக்குச் சொல்லி அனுப்ப அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

நான் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பாவம் செய்தவள் என்ற பேர் போய்விட்டது, அது எனக்குப் புரியவில்லை. என் நாளை நைனா ஊர் சிரிக்க வைத்துவிட்டார் என்பது மட்டும்தான் புரிந்தது.

விருந்து நடந்தது. மாமா இலையில் உட்கார்ந்தபடி, “மச்சான், கை களுவ சுடுதண்ணி இருக்குதா?” என்று கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டு சோறு பரிமாறினார். தெருப் பிள்ளைகள் என்னைச் சுடுதண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் நைனா வந்து என் பக்கத்தில் நின்று, “கோவமா?” என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

விருந்து முடிந்ததிலிருந்து அத்தையைக் காணவில்லை. “இந்த வெயில்ல அண்ணி எங்க போனாங்க?” என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாள். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. பானை மேலிருந்த கல்லை எடுத்துவிட்டு, நின்றபடியே நான்கு சொம்பு தண்ணீர் குடித்தாள். எங்கே போனாள் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அடுப்பு மூட்டவில்லை. அத்தை சமையற்கட்டு வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாய் கொப்பளிக்கக்கூடத் தண்ணீர் தரவில்லை. கசங்கிய கவுனை மாட்டிக்கொண்டு நைனாவோடும் அத்தையோடும் கோயிலுக்குப் போனேன். திங்கட்கிழமைப் பூசைக்கு யார் வருவார்கள்? நாலு பேர் இருப்பார்கள், ஒருவரும் பார்க்காமல் ஒரு மூலையில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முன்வரிசையில் பதினொரு பேரும் இருந்தார்கள். அதே வெள்ளை உடுப்பு, எல்லாம் என்னுடையதைப்போலவே கசங்கியிருந்தது. நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்கள். ஆண்கள் பக்கம் தையல்காரரும் வண்டிக்காரரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முட்டிபோட்டிருந்தார்கள். அத்தை முந்தின நாள் மத்தியானம் வீடு வீடாகப் போயிருக்கிறாள். “நாளைக்கி எங்க கொளந்த தனியா முட்டி போடக்கூடாது. புள்ளைங்களக் கூட்டினு வந்துடுங்க. ஒரு பொட்டுத் தண்ணி குடிக்காம வாங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறாள். கல்லும் கொதிக்கிற அந்த வெயிலில், ஒரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், பதினொரு வீடு. இதைத் தையல்காரர் பெண்சாதிதான் பிறகு எனக்குச் சொன்னாள். அத்தை சாகும்வரை சொல்லவில்லை.

நைனாவுக்கும் அது தெரியாது. கோயில் வாசலில் அசையாமல் நின்றுவிட்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாடா பாக்கற? உள்ள போ. தொண்ட காயுது” என்றாள் அத்தை.

சாமியார் அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் பீடத்துக்கு முன்னாலிருந்த மரக் கிராதியில் பக்கத்துப் பக்கத்தில் முட்டிபோடச் சொன்னார். முதலில் எனக்குத்தான் கொடுத்தார். வறண்ட வாயில் அப்பம் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பல் படக்கூடாது, விரலால் தொடக்கூடாது என்று உபதேசியார் மிரட்டி வைத்திருந்தார். நாக்கால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. இதுவும் போச்சு என்று பயந்து பக்கத்தில் பார்த்தேன். நைனா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடி, தாடையைத் தாழ்த்தி, மெதுவாக விழுங்கிக் காட்டினார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரியில் சிப்பாய்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். நானும் அதேபோலச் செய்தேன். இறங்கிவிட்டது.

நைனாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண் நிறைந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். எனக்கு முந்தின நாள் கோபம் அப்படியே இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப்பின் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் இருந்தார். வெந்நீரைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை, தான் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எத்தனையோ தடவை சேர்ந்து சிரித்திருக்கிறோம், இந்தக் கதையைச் சொல்லியே சிரித்திருக்கிறோம். ஆனாலும் கிராதியில் அவர் காத்திருந்த அந்தச் சிரிப்பை நான் கொடுக்கவேயில்லை. எனக்காக ஊர் முன்னால் எழுந்து நின்று தன் மானத்தை விட்ட மனிதர். இந்த வயதில் இதற்குப் போய் வருத்தப்படுவாளா என்று கேட்காதீர்கள். படுகிறேன். அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடத்தையே பார்த்தபடி இருந்தேன். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும், இந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு பக்தி என்றார்கள்.